ஏப்பச்சாமியின் இரண்டு குடங்கள்

பிடித்த பேய் எந்த வழியாக வெளியேறும்? உச்சி மயிர் வழியாக என்பார்கள் சிலர். வேப்பிலை அடிக்குப் பயந்து முதுகு வழியாக என்பார்கள் வேறு சிலர். நெய்வேலி வட்டாரத்துப் பேய்களுக்கு இந்தப் பழைய வழிகள் எதுவும் பிடிக்கவில்லை. அவை ஏப்பம் வழியாக வெளியேறின.

நம்பாதவர்கள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாண்டிக்குப்பம் ரோட்டில், முந்திரித் தோப்புக்குள் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். தோப்புக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்காமல் வந்து நிற்பார்கள். கான்ட்ராக்டில் இருந்தவர்கள் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று வந்தார்கள். பெர்மனென்ட் ஆனவர்கள் புரமோஷனுக்கு வந்தார்கள். புரமோஷன் வாங்கியவர்கள் அதோடு சேர்த்து வாங்கிய சர்க்கரை வியாதிக்கு வந்தார்கள். பண்ருட்டியிலிருந்து ஸ்பெஷல் வேன் விட்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்தால் மந்திரம் கேட்காது. ஏப்பம் கேட்கும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் முப்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் அமிர்தப் பொடி என்ற வெள்ளைப் பொடியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பார்கள். இரண்டு நிமிடம் அமைதி. பிறகு ஒருவர் ஆரம்பிப்பார். "ஏவ்வ்..." பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வார். அப்புறம் முப்பது பேரும் சேர்ந்து விடுகிற ஏப்பத்தில் தகரம் அதிரும்.

"போச்சு! போச்சு! போயிடுச்சு!" என்று சிஷ்யர்கள் கை தட்டுவார்கள்.

இந்த வித்தைக்குச் சொந்தக்காரரின் முழுப்பெயர் உதரஜோதி அடிகள். உதரம் என்றால் வயிறு. வாயில் நுழையாததால் மக்கள் ஏப்பச்சாமி என்று சுருக்கிக்கொண்டார்கள். மஞ்சளில் தோய்த்த வேட்டி, மஞ்சளில் தோய்த்த மேல்துண்டு, மஞ்சள் பூசிய நெற்றி. இமயமலையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்தாராம். இமயமலையில் எந்த இடம் என்று கேட்டவருக்கு "மேலே" என்று விரல் காட்டினார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அமிர்தப் பொடியில் அடங்காத கேஸ்களுக்கு இன்னொரு வைத்தியம் இருந்தது. சாட்சித் துணி. மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த ஒரு முழத் துணி. வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தீர்த்தத்தில் கை கழுவி, ஈரக்கையை அந்தத் துணியில் பதிக்க வேண்டும். குற்றமற்ற கை பட்டால் துணி மஞ்சளாகவே இருக்கும். செய்வினை வைத்த கை பட்டால் ரத்தச் சிவப்பாகிவிடும். போலீஸ் நாய் வேண்டாம், கைரேகை நிபுணர் வேண்டாம், கோர்ட் வேண்டாம். ஒரு முழத் துணி போதும். இந்தத் துணி சொல்லி எத்தனை மருமகள்கள் தாய்வீடு போனார்கள், எத்தனை அண்ணன் தம்பிகள் பேச்சை முறித்தார்கள் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

இந்தக் கொட்டகைக்குத்தான் ராமலிங்கம் வந்து சேர்ந்தார்.

ராமலிங்கம் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர். வயது முப்பத்தெட்டு. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். வீட்டில் அம்மா அம்சவல்லி, மனைவி சரிதா. ஷிப்டில் நாலு டீ, இடைவேளையில் மிளகாய் பஜ்ஜி, முதுகு வலிக்கு மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிய மாத்திரை. இப்படியே ஐந்து வருஷம் ஓட்டியதில், நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வாய் வழியா டியூப் விட்டு ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார். டியூப் என்ற சொல்லைக் கேட்டதும் ராமலிங்கம் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செவ்வந்திதான் அம்சவல்லியிடம் வழி சொன்னாள். "என் கொழுந்தனாருக்கு ஒரே ஏப்பத்துல போயிடுச்சுங்க."

போனார்கள். ராமலிங்கம் பொடியைச் சாப்பிட்டார். இரண்டு நிமிடத்தில் கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஏப்பம் விட்டார். நெஞ்செரிச்சல் நின்றது. உண்மையாகவே நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அன்றைக்கே குப்பையில் போட்டார். பொடிப் பொட்டலங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். நாலாவது வாரம் ஆறு பொட்டலம். எரிச்சல் அடங்குவதும் அரைமணி நேரத்தில் திரும்பி வருவதுமாக இருந்தது. ஆள் இளைத்தார். சரிதா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அம்சவல்லி கொட்டகைக்குக் கூப்பிட்டார். கொட்டகை ஜெயித்தது.

சாமி ராமலிங்கத்தின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நான் எடுக்க எடுக்க, வீட்டுக்குள்ள இருந்து யாரோ தினமும் வச்சுக்கிட்டே இருக்காங்க. அடுத்த வாரம் குடும்பத்தோட வாங்க. துணி பேசும்."

தன் மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எந்த மருந்துக் கம்பெனிக்கும் இதுவரை கிடைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் போனார்கள். வாசலில் ரிஜிஸ்டர் வைத்துக்கொண்டு ஒரு சிஷ்யை உட்கார்ந்திருந்தாள். தேன் குரல். "அம்மா, யார் மேலயாவது சந்தேகம் இருக்குங்களா?"

"வெளியாளு மேலல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் அம்சவல்லி. சொல்லிவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைச் சிஷ்யை பார்த்துக்கொண்டாள். ஸ்கேன் சென்டரில்கூட இவ்வளவு சீக்கிரம் ரிசல்ட் வராது.

மேடையில் இரண்டு செப்புக் குடங்கள் இருந்தன. சிஷ்யை வலதுபக்கக் குடத்திலிருந்து மொண்டு அம்சவல்லியின் கையில் ஊற்றினாள். துணியில் வைத்தார். மஞ்சள். ராமலிங்கம் வைத்தார். மஞ்சள். சரிதாவின் முறை வந்தது. சிஷ்யை இடதுபக்கக் குடத்திலிருந்து மொண்டாள். தண்ணீர் கையில் கொஞ்சம் வழவழவென்று இருந்ததை சரிதா கவனித்தாள். கையை வைத்தாள்.

ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே சிவப்பாகத் துணியில் எழுந்தன.

கொட்டகை "ஆ" என்றது. கண்ணை மூடியிருந்த சாமி கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினார். "இவள்தான்!"

சரிதா ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவரிடம் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறாள். அந்தத் தலைகுனிவு மாதிரி எதுவும் வலித்ததில்லை.

தீர்ப்பு வந்தது. ஒரு வாரத்துக்கு சரிதா சமையலறைக்குள் போகக் கூடாது. அடுத்த ஞாயிறு அவள் உடம்பில் இருக்கும் நகை அத்தனையையும் கொண்டுவந்து மஞ்சள் பானையில் புதைக்க வேண்டும். பிறகு நாற்பத்தெட்டு நாள் தாய்வீட்டில் இருக்க வேண்டும். பானையைத் திறந்து பார்த்தால் புருஷன் உயிருக்கு ஆபத்து. கடைசி விதி சாமிக்கு மிகவும் முக்கியம்.

வீட்டுக்கு வந்ததும் சரிதா நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அழுதுகொண்டே துணி சோப்பை எடுத்துத் தேய்த்தாள். கை சிவந்தது.

அழுகை நின்றது. மறுபடி சோப்பைத் தேய்த்தாள். இன்னும் சிவந்தது. சமையலறைக்குள் போகக் கூடாது என்ற உத்தரவை மீறிப் போய் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் பிழிந்தாள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது.

சரிதா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். காரணம் இருக்கிறது. அவள் வேலை பார்ப்பது அனல்மின் நிலையத்தில், தண்ணீர் சோதிக்கும் லேபில். பாய்லருக்குப் போகும் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காரப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்ப்பார்கள். காரம் என்றால் மிளகாய் இல்லை. சோப்பு, சோடா, சுண்ணாம்பு எல்லாம் அந்த ஜாதி. தொட்டால் வழவழக்கும். எலுமிச்சை, புளி, வினிகர், நம் வயிற்றில் சோறு செரிக்கச் சுரக்கும் நீர் எல்லாம் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். லேபில் காரத் தண்ணீரில் ஒரு சொட்டு மருந்து விட்டால் ரோஸ் நிறம் வரும். ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் ஓடிவிடும். இதை ஆறு வருஷமாகத் தினமும் தன் கண்ணால் பார்க்கிறவள், மேடையில் செப்புக் குடத்தைப் பார்த்ததும் மறந்து நடுங்கிவிட்டாள். படிப்பு லேபில் கழற்றி மாட்டுகிற வெள்ளைக் கோட்டோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அவளுக்கு மட்டும் இல்லை. நம்மில் பலருக்கு.

ஓடிப்போய் ராமலிங்கத்திடம் கையைக் காட்டினாள். "பாருங்க. சோப்பு போட்டாலும் செவக்குது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா போயிடுது. மஞ்சளோட கொணம்ங்க இது. எங் கையோட கொணம் இல்ல."

அவர் பதில் சொல்வதற்குள் அம்சவல்லி முந்திக்கொண்டார். "அதான் செஞ்ச கைன்னு ஆயிடுச்சே. இனிமே எதத் தொட்டாலும் செவக்கத்தான் செய்யும். வூட்ல இருக்கற சோப்பு மேல பழிய போட்டுகினு கெடக்கா."

"அந்தப் பொடியும் ஆப்பசோடாதான் அத்தை. வயித்துல இருக்கற ஆசிட்டு மேல பட்டதும் பொங்கி காத்து வருது. அந்தக் காத்துதான் ஏப்பம்."

"ஏப்பம் வந்தப்ப எரிச்சல் நின்னுது சரிதா" என்றார் ராமலிங்கம் மெதுவாக. "அது பொய் இல்லையே."

"பொய் இல்லீங்க. ஆனா அரைமணி நேரந்தான். உள்ள புண்ணு இருந்தா அதை யாரு ஆத்துறது?"

உண்மையான நிவாரணத்தைக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பொய்யை நிறைய விற்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். முழுக்கப் பொய்யாக இருந்தால் நாலு நாளில் கடையை மூட வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுவதும் அம்சவல்லி சமைத்தார். மகன் இளைத்துப்போனானே என்று நாக்குக்கு ருசியாகச் சமைத்தார். திங்கள் கருவாட்டுக் குழம்பு, செவ்வாய் நண்டு மிளகு வறுவல், புதன் மறுபடி குழம்பு. சனிக்கிழமை காலையில் ராமலிங்கம் கழிவறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளா தார் மாதிரி கறுப்பாப் போவுது சரிதா. தலை சுத்துது."

"கறுப்பு வெளிய போவுதுடா, நல்ல சகுனம்" என்றார் அம்மா.

சரிதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரிங்க" என்றாள். கெஞ்சினாள். திட்டினாள். கதவை மறித்தாள். ராமலிங்கம் அசையவில்லை. நாளைக்குப் பூஜை முடியாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் உயிர் போய்விடும் என்று சாமி சொல்லியிருந்தார். கடைசியில், பூஜை முடிந்த அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு ராத்திரிதான். ஆனால் அந்த ஒரு ராத்திரியைப் போல நீளமான ராத்திரியை சரிதா பார்த்ததில்லை.

ஞாயிறு காலை செவ்வந்தியின் புருஷன் கலியமூர்த்தியின் ஆட்டோவில் போனார்கள். செவ்வந்தியும் ஏறிக்கொண்டாள். அவளுக்குப் பூஜை பார்க்க ஆசை. "இங்கேயே நில்லுங்கண்ணே, அரைமணியில ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று கலியமூர்த்தியிடம் சொல்லிவிட்டு சரிதா உள்ளே போனாள்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. நகை புதைக்கும் பூஜைக்கு எப்போதுமே கூட்டம் அதிகம். அடுத்த வீட்டு நகை பானைக்குள் போவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ராமலிங்கம் மேடை ஓரத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சாமி கண்களை மூடி ஆசனத்தில் இருந்தார். பெரிய தீர்ப்பு நாட்களில் அவர் கண்ணைத் திறப்பதில்லை.

"கடைசியா ஒரு தடவை துணி சாட்சி சொல்லணும்" என்று சிஷ்யை இடதுபக்கக் குடத்தில் செம்பை விட்டாள்.

"இருங்க" என்றாள் சரிதா. "போன வாரம் எங்க வூட்டுக்காரருக்கும் அத்தைக்கும் அந்தக் குடத்துலேருந்து ஊத்துனீங்க. எனக்கு மட்டும் இந்தக் குடம். இன்னிக்கு மாத்தி ஊத்துங்க. நான் அதுல கழுவறேன்."

சிஷ்யையின் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது. "சாமி உத்தரவில்லாம குடத்தை மாத்தக் கூடாது."

"ரெண்டும் தீர்த்தந்தானே?"

"தீர்த்தந்தான்..."

"ஒரே தீர்த்தந்தானே?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அம்சவல்லிக்கு மானமே போவது போல இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் மருமகள் சாமியிடம் வழக்காடுகிறாள். விருட்டென்று எழுந்தார்.

"எந்தக் கொடமா இருந்தா என்னாடி? தப்பு பண்ணாத கை செவக்குமா? இந்தா பாரு, நான் வக்கறேன்!"

சிஷ்யை "அம்மா, அம்மா" என்று பதறிக்கொண்டு ஓடிவருவதற்குள், அம்சவல்லி இடதுபக்கக் குடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்துத் துணியில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

துணி பளிச்சென்று சிவந்தது.

கொட்டகை "ஆ" என்றது. இந்த "ஆ" கேட்டால் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது சாமிக்குப் பழக்கம். கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினார். "இவள்தான்!"

சாமி லேசாக ஒரு கண்ணைத் திறந்தார். விரல் அம்சவல்லியின் மூக்குக்கு நேராக இருந்தது.

"நானா?" என்றார் அம்சவல்லி. "பத்து மாசம் சுமந்து பெத்த புள்ளைக்கு நானா செய்வினை வச்சேன்?"

சாமி இன்னொரு கண்ணையும் திறந்தார். "இல்லம்மா... அது வந்து... உங்க மேல யாரோ ஏவி விட்டு..."

"போன வாரம் இதே கை மஞ்சளா இருந்துதே!"

"போன வாரம் ஏவல் வரலை..."

"நீதான் ஏவல எடுக்கறவனாச்சே, ஒன் எதிர்லயே எப்பிடிய்யா வந்துது?"

ஒரு வாரமாக மருமகள் படித்துப் படித்துச் சொல்லியும் ஏறாத பகுத்தறிவு, தன் கை சிவந்த ஒரு நொடியில் அம்சவல்லிக்கு ஏறிவிட்டது. இந்த உலகத்தில் பலருக்கும் அது அந்த வழியாகத்தான் ஏறுகிறது. அவர் குடத்தைத் தூக்கினார். அறுபது வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்படியே சாமியின் மேல் கவிழ்த்தார்.

மஞ்சள் வேட்டி சிவந்தது. மஞ்சள் துண்டு சிவந்தது. மஞ்சள் பூசிய நெற்றியிலிருந்து சிவப்பு வழிந்தது. இமயமலையில் தவம் இருந்த மகான், கறிக்கடையிலிருந்து வெளியே வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சாமிதான் செய்வினை வச்சிருக்காரு!" என்று பின்னால் ஒருவர் கத்தினார். மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் என்று சரிதாவுக்குப் புரிந்தது. இவர்களை இப்படியே விட்டால் சாமியை மாற்றுவார்களே தவிர நம்பிக்கையை மாற்ற மாட்டார்கள்.

அவள் பூஜைத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துப் பிளந்தாள். சாட்சித் துணியைத் தூக்கிப் பிடித்து, சிவந்த கைத்தடத்தின் மேல் பிழிந்தாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க ரத்தம் மஞ்சளானது.

"யாரும் செய்வினை வைக்கலீங்க! அந்தக் குடத்துல இருந்தது சுண்ணாம்புத் தண்ணி மாதிரி ஏதோ ஒண்ணு. காரம். மஞ்சள் மேல பட்டா செவக்கும். புளிப்பு பட்டா திரும்பிடும். சோப்பு போட்டாலும் இதேதான். துணி தோய்க்கறவங்க யாராவது பார்த்ததில்லையா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வந்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆமா. சட்டையில சாம்பார் கொட்டுன எடத்துல சோப்பு போட்டா செவப்பாத்தான் ஆவும். அலசிப்போட்டா போயிடும்."

"எங்க வூட்லயும் ஆவும்" என்றாள் இன்னொருத்தி.

"எங்க வூட்ல வாராவாரம் ஆவும்."

அங்கே இருந்த அத்தனை பெண்களும் அந்த அதிசயத்தைத் தங்கள் துவைக்கிற கல்லில் நூறு தடவை பார்த்தவர்கள். தோய்க்கும்போது கறை. தோப்புக்கு வந்தால் தெய்வ சாட்சி! ஆண்கள் பார்த்ததில்லை. அவர்கள் சட்டையில் கொட்டுவதோடு சரி.

சரிதா ஒரு டம்ளரை எடுத்து, மிச்ச எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, அமிர்தப் பொடியை ஒரு ஸ்பூன் போட்டாள். நுரை பொங்கி டம்ளருக்கு வெளியே வழிந்தது.

"பாருங்க, டம்ளருக்கும் பேய் போவுது!" என்றாள்.

ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒருவர், பிறகு முப்பது பேர், பிறகு கொட்டகையே சிரித்தது. ஏப்பத்துக்கு அதிர்ந்த அதே தகரம். சாமி அந்தச் சத்தத்தில் நைசாக எழுந்து பின்பக்கத் திரையை நோக்கி நடந்தார். சிஷ்யை அவருக்கு முன்பே ஓடியிருந்தாள்.

ராமலிங்கம் சிரிக்கவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தார். கால் மடிந்தது. வாயில் கை வைத்தார். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

சரிதா எலுமிச்சையை வீசிவிட்டுப் பாய்ந்தாள். அந்த ரத்தத்தை எந்தப் பழச்சாறும் மஞ்சளாக்காது. அத்தனை நாளும் ஒரு முழத் துணியில் பொய் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உண்மையான ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தியும் இன்னும் நாலு பேரும் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார் கலியமூர்த்தி. அம்சவல்லி மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். "நான் கண்டேனா... நான் கண்டேனா..."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இருந்தார். திட்டுவதற்கு நேரம் இல்லாததால் திட்டவில்லை. டியூப் விட்டுப் பார்த்தார். இரைப்பையில் புண். புண்ணுக்குள் ஒரு ரத்தக்குழாய் வாய் திறந்திருந்தது. அதை அடைத்தார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு நாள் தள்ளியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், சரிதாவின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ராமலிங்கத்துக்குப் பேச்சு வந்தது. முதலில் கேட்டது தண்ணீர். இரண்டாவது மன்னிப்பு.

"அன்னிக்கு நான் தலையைக் குனிஞ்சிருக்கக் கூடாது சரிதா."

"ஆமா" என்றாள் சரிதா. அவள் உடனே மன்னித்துவிடவில்லை. ஆனால் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். அம்சவல்லி கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, இனிமேல் மிளகாய்ப் பொடி டப்பாவைத் தொட்டால் என் கையை வெட்டு என்று மருமகளிடம் சொன்னார். வெட்ட வேண்டாம், வேறு வேலை இருக்கிறது என்று சரிதா சாம்பார் கொட்டிய ஒரு சட்டையைக் கொடுத்துத் துவைத்து வரச் சொன்னாள்.

போலீஸ் வந்து கொட்டகையின் திரைக்குப் பின்னால் பார்த்தபோது வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு பக்கெட், ஆப்பசோடா இரண்டு மூட்டை, மஞ்சள் தூள் ஒரு மூட்டை இருந்தன. நகை புதைத்த பானைகளில் மஞ்சள் இருந்தது. நகை இல்லை. நகைகள் சாமியின் பயணப் பையில் இருந்தன. சாமி வடலூர் பஸ் ஸ்டாண்டில், பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு பிடிபட்டார். நெற்றியில் சிவப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. சொந்தப் பெயர் குமரவேல். அதற்கு முன்பு விருத்தாசலம் பக்கம் மூன்று சக்கர வண்டியில் மைக் கட்டி, பாத்ரூம் கழுவுகிற ஆசிட் விற்றுக்கொண்டிருந்தவர். அமிலம் விற்றபோது அவர் காலில் யாரும் விழவில்லை. காரத்துக்கு மாறினார். வரிசையில் நின்று விழுந்தார்கள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். நம் மக்கள் முடிய விடுவார்களா?

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரிதாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கொட்டகையில் அவள் துணியை மஞ்சளாக்கிய காட்சியை யாரோ செல்போனில் பிடித்து, "ரத்தத்தை மாற்றிய சக்தி அம்மா" என்று தலைப்புப் போட்டு விட்டிருந்தார்கள். பண்ருட்டியிலிருந்து வந்திருந்த நல்லசாமி என்பவர் முன்வரிசையில் இருந்தார். முந்திரி வியாபாரி. கழுத்தில் செயின், கையில் பழத்தட்டு.

"அம்மா, நீங்க அந்த சாமியையே ஜெயிச்சவங்க. உங்க சக்தி பெருசு. எம் பொண்ணு ஜாதகத்தை உங்க கையால ஒரு தடவை தொட்டுக் கொடுத்தீங்கன்னா..."

சொல்லிக்கொண்டே, தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவர் சாஷ்டாங்கமாகக் குனிந்தார். பின்னால் நின்றவர்களும் குனியத் தயாரானார்கள். சரிதா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"எந்திரிங்கய்யா. தலையைக் கொண்டாந்து என் கால்ல வைக்காதீங்க. அது கழுத்து மேல இருந்தாத்தான் வேலை செய்யும்."